டொக்டர் போட்ட முடிச்சு

மகனுக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிற கடிதம் இது. உனக்கு மட்டும் சொல்வதென்றால் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ என் கண்ணைப் படமாக முகநூலில் போட்டு, அதன் கீழே அந்த டொக்டர் பிள்ளையின் பெயரையும் எழுதி, உலகமெல்லாம் பார்க்க வைத்திருக்கிறாய். படத்தைப் பார்த்த ஆட்கள் எல்லாரும் இதையும் பார்க்க வேண்டும். ஆகையால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாகக் கதைப்போம். என் இடது கண்ணின் கீழ் இமையைத் திருத்திய அந்தப் பிள்ளையின் கையில் ஒரு பிழையும் இல்லை. அவர் போட்ட தையலை வெட்டி இழுத்தவன் நான். ஐந்தாம் நாள் காலையில், கிணற்றடியில் முகம் வழிக்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று, வலை திருத்துகிற சின்னக் கத்தியால் வெட்டினேன். பிறகு, அது தானாக விழுந்தது என்று பொய் சொன்னேன்.

அம்மா இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "உதைக் கொஞ்சம் பதமா எழுதட்டோ?" என்று கேட்கிறாள். வேண்டாம், சொன்னபடியே எழுது என்றேன். "அப்ப எனக்கும் ஒளிச்சுத்தான் செய்தவர் எண்டதையும் எழுதுறன்." எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

இந்தக் கண் என்னைப் படுத்தியது உனக்குத் தெரியும், ஆனால் தொலைபேசியில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். வயதோடு கீழ் இமை தளர்ந்து உள்பக்கமாக மடிந்து போயிற்று. வெளியே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய மயிர் எல்லாம் கண்மணியில் உரசும். கண்ணை மூடித் திறக்கும் ஒவ்வொரு தரமும் மணல் விழுந்தது போல இருக்கும். வெயில் ஏறியதும் அம்மா முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு, என் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சாவணத்தால் அந்த மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். "ஆடாதேங்கோ. ஆடினால் கண்ணைத்தான் பிடுங்குவன்" என்பாள். மூன்று கிழமையில் திரும்ப முளைக்கும், முன்னதைவிட முள்ளாக. கண்ணீர் ஓயாமல் வடியும். துறைக்குப் போனால் சூசை, அவனை உனக்குத் தெரியும்தானே, என் வள்ளத்தில் என்னோடு இருபது வருடம் களப்புக் கடலில் மீன் பிடிக்க வந்தவன், தூரத்திலிருந்தே கேட்பான்: "என்ன சம்மாட்டி, இண்டைக்கு ஆருக்கு அழுறியள்?" "உனக்குத்தான்ரா. நீ போற நேரம் அழ ஒருத்தரும் வராயினம், அதுதான் இப்பவே அழுது வைக்கிறன்" என்பேன். செத்த வீடுகளுக்குப் போனால் மட்டும் நல்ல மரியாதை. அந்த மனுசனுக்கு எவ்வளவு இளகின மனம் என்று சனம் கதைத்ததாம்.

பட்டணத்தில் இருக்கிற ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கேதான் அந்தப் பிள்ளையைக் கண்டேன். சுன்னாகம் பக்கத்தில் வெங்காயம் செய்கிற வீட்டுப் பெண்பிள்ளை, உன் தங்கச்சியைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். படிப்பறிவில்லாத கிழவன்தானே என்று இரண்டு சொல்லில் முடித்து அனுப்பவில்லை. "ஐயா, உடுப்புக் காயப்போடுற கொடி தொய்ஞ்சு போனால் என்ன செய்வியள்?" என்று கேட்டார். "ஒரு நுனியிலை இழுத்துக் கட்டுவம்" என்றேன். "அதைத்தான் நானும் செய்யப்போறன். கடைக்கண் பக்கமா இமையை இழுத்து எலும்போடை இறுக்கிக் கட்டினால், மயிர் எல்லாம் வெளிப்பக்கம் திரும்பும்." எனக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. "நான் வலை திருத்திற ஆள், முடிச்சு விஷயம் எண்டால் எனக்கு விளங்கும் டொக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "விளங்கினால் நல்லது. ஆனால் அந்த முடிச்சிலை கை வைக்கப்படாது. கடலுக்கும் போகப்படாது, கண்ணிலை உப்புத் தண்ணியும் படப்படாது. பத்தாம் நாள் வாங்கோ, நான்தான் வெட்டுவன்" என்றார். இவ்வளவும் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். அம்மா பக்கத்தில் நின்று கேட்டவள்.

ஒப்பரேசன் முடிந்து கட்டு அவிழ்த்த அடுத்த நாள் காலையை நான் மறக்கமாட்டேன். கண்ணை மூடினேன், திறந்தேன், ஒன்றும் உரசவில்லை. அவ்வளவு சுகம். அப்படியே பத்தாம் நாள் வரைக்கும் சும்மா இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் கடலுக்கும் போகாமல் வலையிலும் கை வைக்காமல் வீட்டில் இருந்த எனக்கு விரல் சும்மா இருக்கவில்லை. கடைக்கண்ணில் மெல்லத் தடவிப் பார்த்தேன். மூன்று முடிச்சு, தூண்டிலில் கட்டுகிற மெல்லிய தங்கூசி நூல் மாதிரி. ஒவ்வொன்றிலும் நுனியை ஒரு நெல்லு நீளத்துக்கு நீட்டி விட்டிருந்தார். நாங்கள் வலையில் முடிச்சுப் போட்டால் நுனியை ஒட்ட வெட்டுவோம். நீட்டி விட்டால் அதில் பாசி சிக்கும், நண்டின் கால் சிக்கும், வலை பாழாகும். நுனி நீட்டிய முடிச்சைக் கண்டால் எங்கள் துறையில் ஆள் ஆரென்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த நினைப்போடு நான் கண்ணாடியில் பார்த்தேன். டொக்டருக்குப் படிப்பு இருக்கிறது, முடிச்சு வரவில்லை என்று என் மனம் சொல்லிற்று. ஏன் நீட்டி விட்டீர்கள் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். பத்தாம் நாள் சாவணத்தால் பிடித்துத் தூக்கி வெட்டுவதற்கு அந்த நுனி வேண்டுமாம். நாலு மாதம் கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உனக்கு இது நினைவிருக்குமோ தெரியாது. இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது உனக்கு ஏழு வயது. போத்தல் ஓடு உன் குதிக்காலில் ஏறி, ஒரு மருத்துவத் தாதி நாலு தையல் போட்டு, ஒரு கிழமையில் கொண்டுவாருங்கள் என்று சொன்னார். ஒரு கிழமையில் சண்டையால் அந்தப் பாதையே இல்லை. நான் பிளேட் ஒன்றைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து, உன் காலை என் மடியில் வைத்து, நாலு தையலையும் வெட்டினேன். காயம் நன்றாக ஆறியிருந்தது, ஒரு துளி இரத்தம் வரவில்லை. நீ அழவும் இல்லை. "எங்கடை அப்பா டொக்டரைவிட நல்லா வெட்டுவார்" என்று அங்கிருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் குதிக்காலைத் தூக்கிக் காட்டித் திரிந்தாய். ஏழு வயதுப் பிள்ளையின் சொல்லை நான் இவ்வளவு காலமும் உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறேன். தகப்பன்மாருக்கு இது ஒரு கெட்ட பழக்கம். உன் மகன் உன்னைப் பற்றி அப்படி ஏதும் சொன்னால் சந்தோஷப்படு, ஆனால் அதை முழுதாக நம்பிவிடாதே.

நாலாம் நாள் நுனிகளை மட்டும் வெட்டினேன். வெட்டினதும் மொட்டை நுனி நிமிர்ந்து குத்தத் தொடங்கிற்று. விட்டிருக்க வேண்டும். ஐந்தாம் நாள் முடிச்சையே வெட்டி நூலை இழுத்தேன். இரண்டு முடிச்சு சுகமாக வந்தன. மூன்றாவதை இழுக்கும்போது, நூலோடு சேர்ந்து உள்ளே வேறு ஏதோ இளகி விட்டுக்கொடுத்தது விரலுக்குத் தெரிந்தது. இரத்தம் வந்தது. அந்த நேரமாவது ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கரைக்குப் போய்க் கடல் தண்ணீரை அள்ளி அதில் விட்டேன். எங்களுக்குக் காலில் கையில் எந்தக் காயம் வந்தாலும் உப்புத் தண்ணீர்தானே. கால் வேறு, கண் வேறு என்று நினைக்கவில்லை. வெட்டின கத்தியைக்கூட அன்றைக்கு நான் கழுவவில்லை.

இரண்டு நாளில் இமை புளியம்பழம் போல வீங்கிச் சீழ் வைத்தது. காற்றுப் பிடித்துவிட்டது என்று அம்மாவுக்குச் சொன்னேன். பத்தாம் நாள் டொக்டர் பிள்ளை வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "தையல் எங்கை ஐயா?" என்று கேட்டார். "தானா விழுந்திட்டுது" என்றேன். அவர் திரும்பவும் பார்த்தார். "மூண்டுமோ?" "ஓம், மூண்டும்." அப்போது அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நல்ல கண்ணால் பார்த்தேன், அதனால் தெளிவாகத்தான் தெரிந்தது. "நான் போட்ட முடிச்சு சரியில்லைப் போலை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா" என்றார். நான் தலையை ஆட்டினேன். மன்னித்த மாதிரி தலையை ஆட்டினேன், மகனே. இவ்வளவு வயதில் நான் செய்த பிழைகளை எண்ணி அடுக்கினால் அதற்கு மேலே வைக்க இன்னொன்று இல்லை. வலையை வெட்டிப் பறித்தவனைக்கூட நாங்கள் துறையில் மன்னித்து விடுவோம். ஆனால் நன்றாகப் போட்ட முடிச்சைக் கெட்ட முடிச்சு என்று சொன்னவனோடு ஒருத்தனும் கதைக்கமாட்டான். அதைத்தான் நான் செய்தேன்.

சீழ் வற்றியபோது தழும்பு இறுகி இமையைக் கீழே இழுத்துவிட்டது. முன்பு உள்ளே மடிந்திருந்தது, இப்போது வெளியே பிதுங்கி உள் சதை சிவப்பாகத் தெரிந்தது. படுத்தால் கண் மூடாது. மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வந்தது. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மருந்து, படுக்கும்போது பிளாஸ்ரர் ஒட்டிக் கண்ணை மூடி வைப்பது, எல்லாம் அம்மாதான். அந்த நாட்களில்தான் அவள் உனக்குப் படம் காட்டி அழுதாள், நீ பார்த்தாய், பதறினாய், போட்டாய். உன்னில் நான் பிழை சொல்லமாட்டேன். கனடாவில் அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அப்பாவின் கண்ணில் மருந்து விட முடியாது, முதுகைத் தடவ முடியாது. கோபம் ஒன்றுதான் கைக்கு எட்டும். நீ அதை எடுத்து வீசினாய். நான் சொல்வது இவ்வளவுதான்: இனிமேல் இங்கே ஏதும் நடந்தால், ஆர் செய்தது என்று கேட்க முதல், நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா என்று ஒரு தரம் கேள். நான் பொய் சொன்னாலும் உனக்கு என் குரலில் தெரிந்துவிடும். நீ சின்ன வயதிலேயே அதில் கெட்டிக்காரன்.

படத்தின் கீழே சனம் எழுதியதை அம்மா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். உண்மை தெரியாததால் ஆசையோடு வாசித்தாள். கண் தெரியாதவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று ஒருத்தன். இவளின் கையை முறிக்க வேண்டும் என்று இன்னொருத்தன், அவன் நீ படித்த பள்ளிக்கூடத்துப் பொடியன்தானாம். நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்டேன். தேத்தண்ணீரையும் குடித்து முடித்தேன்.

பிறகு பெரிய டொக்டர் ஒருவர் காதுக்குப் பின்னால் இருந்து கொஞ்சம் தோல் எடுத்து இமையில் வைத்துத் திரும்பத் தைத்தார். அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்றார், கத்தியைத் தொடவில்லை. வெளியே கொண்டுவந்து விட்ட தாதியிடம், ஏன் அவ செய்யேல்லை என்று கேட்டேன். "அவவை இப்ப ஒப்பரேசன் செய்ய விடுறேல்லை ஐயா. உங்கடை மகன் போட்ட முறைப்பாடு விசாரணைக்குப் போயிருக்கு. முடியுமட்டும் நிப்பாட்டி வைச்சிருக்கினம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்ல வேண்டும் என்று போவேன், கதிரையில் குந்தியிருப்பேன், மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். பயம் விசாரணைக்கு இல்லை. முடிச்சுப் பார்க்கத் தெரியாதவன் என்று ஆரும் சொல்லிவிடுவார்களோ என்றுதான்.

மூன்றாம் தரம் போனபோது அந்தப் பிள்ளைதான் கண்ணைப் பார்த்தார். பார்த்து முடித்துப் பதிவு எழுதினார். பிறகு கைப்பையைத் திறந்து கை துடைக்கிற லேஞ்சி ஒன்றை எடுத்து என் மடியில் விரித்தார். அதன் ஓரம் முழுக்கக் கறுப்பு நூலில் முடிச்சுகள், இருபதுக்கு மேலே இருக்கும். "ஐயா, நீங்கள் வலை திருத்திற ஆள் எண்டு சொன்னனீங்கள். நான் உங்களுக்குப் போட்ட மாதிரியேதான் இதெல்லாம் போட்டிருக்கிறன். எது அவிழும் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. எனக்கு எங்கை பிழைக்குது எண்டு விளங்கேல்லை" என்றார். கேலி இல்லை, கோபம் இல்லை. பாடம் கேட்கிற பிள்ளை மாதிரிக் கேட்டார். நான் ஒவ்வொன்றாக விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். என் விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒன்றுகூட அசையவில்லை. எங்கள் துறையில் அப்படி முடிச்சுப் போடுகிறவர்கள் மூன்று பேர்தான் இருப்பார்கள்.

"ஒண்டும் அவிழாது பிள்ளை" என்றேன். "அண்டைக்குப் போட்டதும் அவிழேல்லை. நான்தான் வெட்டினனான்."

அவர் லேஞ்சியை என் மடியிலிருந்து எடுத்து மடித்தார். பிறகு, "எதாலை வெட்டினனீங்கள்?" என்று கேட்டார்.

"வலைக் கத்தியாலை."

"சுடுதண்ணியிலை போட்டனீங்களோ?"

"இல்லை."

"காயத்தைக் கழுவினது?"

"கடல் தண்ணியாலை."

"கடவுளே" என்றார், மெதுவாக. "இந்தக் கண் இருக்கிறதே பெரிய காரியம் ஐயா. நாலு மாதமா நான் வீட்டிலை சாப்பாட்டு மேசையிலையும் இருந்து முடிச்சுப் போடுறன். எங்கடை அப்பா, உனக்கு என்ன பிள்ளை விசரோ எண்டு கேக்கிறார்." அவர் கண்ணைத் துடைத்தார். எனக்கோ வடிகிற கண்ணில் அன்றைக்கென்று ஒரு துளி வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, "உதை எழுதித் தருவியளோ?" என்றார். "எனக்கு எழுத வராது பிள்ளை. எழுதிறவ வெளியிலை இருக்கிறா" என்றேன்.

அம்மா உள்ளே வந்து கேட்டாள். டொக்டருக்கு முன்னால் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஊர்க் கொழும்புத்துறை பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்தில் இடம் இருக்க, முன்னால் போய் வேறு ஒரு பெண்ணோடு இருந்துகொண்டாள். இறங்கியதும் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். வீட்டு வாசல் படலையைத் திறந்துவிட்டுத்தான் சொன்னாள்: "நாலு மாதமா அந்தப் பிள்ளையைத் திட்டித் திட்டியெல்லே செபமாலை சொன்னனான். இனி அதெல்லாத்தையும் ஆர் திருப்பிச் சொல்லுறது?" நான் சேர்ந்து சொல்கிறேன் என்றேன். இப்போது பின்னேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் சொல்கிறோம். நான் நடுவில் தூங்கிவிடுவதாக அவள் சொல்கிறாள். ஒரு கண் முழுதாக மூடாத மனுசன் தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

ஓம், அது இனி முழுதாக மூடாது. தூங்கும்போது கீழே ஒரு கீற்று வெள்ளை தெரியும். காற்றடித்தால் கண்ணீர் வடியும், பகலில் மூன்று தரம் களிம்பு வேண்டும், களப்புக்குப் போனால் கண்ணாடி போட வேண்டும். "செத்தாப் பிறகும் பாத்துக்கொண்டுதான் கிடப்பியள்" என்கிறான் சூசை. பார்வை நன்றாக இருக்கிறது. வலைக் கண்ணைத் தனித்தனியாக எண்ணுவேன். அம்மாவின் முகத்தையும் இப்போது உரசல் இல்லாமல் பார்க்கிறேன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை, மகனே. என்னைப் பற்றிக் கவலைப்பட்டு நித்திரை கெடாதே.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வருகிற வியாழக்கிழமை விசாரணை. நான் போய், பெரிய டொக்டர்மாருக்கு முன்னால் என் வாயாலேயே சொல்லுவேன். அம்மா எழுதியதில் நான் கைவிரல் அடையாளமும் வைத்துக் கொடுத்தாயிற்று. ஆனால் முறைப்பாடு உன் பெயரில் இருக்கிறது, அதை நீதான் திருப்பி எடுக்க வேண்டும். அந்தப் படத்தை அழிக்காதே. அழித்தால், பார்த்தவன் பார்த்ததோடே போய்விடுவான், அந்தப் பிள்ளையின் பெயர் அவன் மனதில் அப்படியே கிடக்கும். படத்தை வைத்துக்கொண்டு, அதன் கீழே இந்தக் கடிதத்தை முழுதாகப் போடு. கையை முறிக்க வேண்டும் என்று எழுதிய பொடியனுக்குத் தனியாகவும் அனுப்பு. வெட்கமாக இருக்கும், எனக்குத் தெரியும். அப்பாவைப் பற்றிக் கனடாவில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் அந்தச் சிரிப்புக்குப் பயந்து நாலு மாதம் ஒரு பிள்ளையின் கையைக் கட்டி வைத்திருந்தேன்.

கடைசியாக ஒன்று. வலது கண்ணின் இமையும் இப்போது உள்ளே மடியத் தொடங்கியிருக்கிறது. போன கிழமை பெரிய டொக்டர் பார்த்துவிட்டு, தானே செய்து தருவதாகச் சொன்னார். "பெரிய உபகாரம் ஐயா. ஆனால் எனக்கு இந்தப் பிள்ளைதான் செய்யோணும். அவவைத் திரும்பச் செய்ய விடுமட்டும் நான் பொறுத்திருக்கிறன்" என்றேன். அந்தப் பிள்ளை கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "செய்யிறன் ஐயா. ஆனால் பத்து நாளைக்கு உங்கடை ரெண்டு கையையும் கட்டிப்போட்டு வைச்சிருக்கச் சொல்லி அம்மாட்டைச் சொல்லுவன்" என்றார். "கட்டுங்கோ" என்றேன். "நுனியையும் நீட்டித்தான் விடுவன்." "விடுங்கோ பிள்ளை" என்றேன். ஆகவே மகனே, என் வலது கண்ணுக்கு நாள் குறிப்பது இப்போது உன் கையில் இருக்கிறது. கெதியாகச் செய், பிந்தாதே.

அம்மாவை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று சொன்ன

உன் அப்பா